மதீனாவின் சரிய்யாக்கள்: அமைப்பும் ஆணையும்

நபி (ஸல்) அவர்களின் போர்க்கால வாழ்வைப் பற்றி நம் மேடைகளிலும் ஏடுகளிலும் பேசப்படும்போது பத்ரு, உஹுது, அகழ், ஹுனைன் ஆகிய பெரும் களங்களே முன்னிற்கின்றன. ஸீரா ஆசிரியர்களோ அவற்றோடு வேறொரு வரிசையையும் மிகுந்த கவனத்துடன் பதிந்து வைத்துள்ளனர். நபியவர்கள் தாமே புறப்பட்டுச் சென்ற படையெடுப்பை ‘கஸ்வா’ என்றும், தாம் மதீனாவில் இருந்துகொண்டு தோழர் ஒருவரின் தலைமையில் அனுப்பிவைத்த படைப்பிரிவை ‘சரிய்யா’ என்றும் அவர்கள் பிரித்துரைப்பர். கஸ்வாக்கள் 27 என்பதில் இப்னு இஸ்ஹாக்கும் இப்னு சஅதும் ஒத்துப்போகின்றனர். சரிய்யாக்களின் எண்ணிக்கையில்தான் கருத்து வேறுபாடு. முன்னவர் 38 என்கிறார். பின்னவர் 47 என்கிறார். பத்தாண்டுக்குள் இத்தனை சிறு படைகள் என்றால், மதீனா அரசின் படைப்பணியில் பெரும்பகுதி இச்சிறு குழுக்களாலேயே நடைபெற்றது என்பது தெளிவு. புகாரீ ஷரீஃபின் மகாஸீ பகுதியைப் பாடம் நடத்தும்போது மாணவர்கள் இந்தச் சிறு தலைப்புகளை விரைவாகக் கடந்துவிட விரும்புவதை ஆண்டுதோறும் காண்கிறேன். பெயர்கள் மிகுதி, நிகழ்ச்சிகள் சிறியவை என்பது அவர்களின் முறையீடு. உண்மையில் சட்டவியலார் மிகுதியாகத் தோண்டியெடுத்தது இந்தச் சிறிய நிகழ்ச்சிகளிலிருந்துதான்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘சரிய்யா’ என்பது இரகசியம் என்னும் பொருளுள்ள ‘சிர்ரு’ என்ற சொல்லிலிருந்து வந்தது எனச் சிலர் கூறுவர். இப்னுல் அஸீர் தமது ‘நிஹாயா’வில் இதனை ஏற்கவில்லை. ‘சிர்ரு’ என்பதன் இறுதி வேரெழுத்து ‘ரா’. ‘சரிய்யா’வின் இறுதி வேரெழுத்தோ ‘யா’. ஆகவே இலக்கண விதி அதற்கு இடம் தராது என்கிறார். படையின் சாரமாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டோராகவும் இருப்பதால், உயர்ந்தது என்னும் பொருளுடைய ‘சரிய்யு’ என்பதிலிருந்து அப்பெயர் வந்தது என்பது அவர் முடிவு. அதன் உச்ச எண்ணிக்கை நானூறு என்றும் அவர் வரையறுக்கிறார். அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் வரும் ஒரு நபிமொழியும் சரிய்யாவுக்கு நானூறு பேரையே சிறந்த அளவாகக் கூறுகிறது. ஆக, தெரிந்தெடுக்கப்பட்ட சிலர், வரையறுக்கப்பட்ட பணி, தலைநகரிலிருந்து தொலைவான களம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே சரிய்யா.

இன்றைய படைத்துறையில் ‘சிறப்பு நடவடிக்கைப் படை’ என வழங்கப்படுவதன் இலக்கணமும் ஏறத்தாழ இதுவே. 1941ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் இராணுவம் டேவிட் ஸ்டர்லிங் என்பவரின் யோசனையின்படி எதிரியின் எல்லைக்குப் பின்னால் சென்று தாக்கும் சிறு குழுவை அமைத்ததையே நவீன கால நூலாசிரியர்கள் பலர் தொடக்கமாகக் கொள்கின்றனர். 1980இல் ஈரானிலிருந்த பணயக் கைதிகளை மீட்கச் சென்ற அமெரிக்கக் குழு பாலைவனத்திலேயே எட்டுப் பேரை இழந்து திரும்பியது. பல பிரிவுகள் ஒரே தலைமையின்கீழ் இயங்காதது அத்தோல்விக்கான காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. அதன் விளைவாக 1987இல் அந்நாடு தனித் தலைமையகமே அமைத்தது. எனினும் அமைப்பைவிடக் கடினமான கேள்வி ஒன்று இத்தகைய படைகளைத் தொடர்ந்து வருகிறது. மேலதிகாரியின் கண்ணுக்கு எட்டாத இடத்தில், சாட்சிகள் இல்லாத இரவில், ஆயுதத்துடன் நிற்கும் சிறு குழுவைக் கட்டுப்படுத்துவது எது? 2020 நவம்பரில் வெளியான ஆஸ்திரேலிய விசாரணை அறிக்கை, ஆப்கானிஸ்தானில் அந்நாட்டுச் சிறப்புப் படையினர் 39 பேரைச் சட்டவிரோதமாகக் கொன்றதற்கு நம்பத்தகுந்த தகவல் இருப்பதாகவும், அவற்றுள் எதுவும் போரின் கொதிநிலையில் நிகழ்ந்ததல்ல என்றும் தெரிவித்தது. விசாரணைக்குத் தலைமை தாங்கிய நீதிபதி பால் பிரெரட்டனுக்கு அதை முடிக்க நான்காண்டுகள் ஆயின. இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு சரிய்யாக்களின் அறிவிப்புகளைப் படித்தால், நம் முன்னோர் அவற்றை ஏன் இவ்வளவு விரிவாகப் பாதுகாத்தனர் என்பது விளங்கும்.

புறப்பாட்டின்போதே கட்டளை தொடங்கிவிடுகிறது. படைக்கோ சரிய்யாவுக்கோ ஒருவரைத் தலைவராக நியமித்தால், அவருடைய இறையச்சத்தைக் குறித்தும், அவருடன் செல்லும் முஸ்லிம்களிடம் நன்முறையில் நடப்பதைக் குறித்தும் நபியவர்கள் தனியே அறிவுரை கூறுவார்கள் என்று புரைதா (ரலி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஒப்பந்தத்தை மீறலாகாது, உடலைச் சிதைக்கலாகாது, குழந்தைகளைக் கொல்லலாகாது என்பன அதில் வரும் விதிகள். பெரும் படைக்கும் சிறு குழுவுக்கும் விதி ஒன்றே. பணி அவசரமானது என்றோ இரகசியமானது என்றோ தளர்வு எதுவும் அதில் இல்லை.

உணவு, ஊர்தி விஷயங்களில் இக்குழுக்கள் எவ்வளவு எளிமையானவை என்பதற்கு அபூஉபைதா (ரலி) தலைமையில் கடற்கரைக்குச் சென்ற முந்நூற்றுவர் படை சான்று. ஜாபிர் (ரலி) அதனை விவரிக்கிறார். பேரீச்சம்பழம் குறைந்துகொண்டே வந்து, இறுதியில் நாளொன்றுக்கு ஆளுக்கு ஒரு பழம் என்றாயிற்று. ஒரு பழம் எதற்குப் போதும் என்று கேட்டவரிடம், அதுவும் தீர்ந்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது என்றார் அவர். இலைகளை அடித்து உதிர்த்துத் தின்றதால் அப்படைக்கு ‘கபத்’ படை என்றே பெயர் வந்தது. பின்னர் கடல் கரையொதுக்கிய பெரிய மீன் அவர்களைக் காப்பாற்றியது. இதனை ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ரஜபில் நடந்ததாக இப்னு சஅத் குறிக்கிறார். குறைஷியரின் வணிகக் கூட்டத்தை எதிர்பார்த்துச் சென்ற படை என்பதும் அறிவிப்பிலேயே உள்ளது. அவ்வேளையில் ஹுதைபிய்யா உடன்படிக்கை நடப்பில் இருந்ததால் இக்காலக் குறிப்பு பொருந்தாது, நிகழ்ச்சி உடன்படிக்கைக்கு முந்தியதாகவே இருக்க வேண்டும் என்கிறார் இப்னுல் கய்யிம். அவர் கூற்றே வலுவானதாக எனக்குத் தோன்றுகிறது.

இரகசியம் பேணப்பட்ட முறைக்கு நக்லா சரிய்யாவைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. ஹிஜ்ரி 2 ரஜப் மாதம், அதாவது கி.பி. 624 தொடக்கம். அப்துல்லாஹ் இப்னு ஜஹ்ஷ் (ரலி) தலைமையில் முஹாஜிர்கள் எண்மர் அனுப்பப்பட்டனர். இருவருக்கு ஓர் ஒட்டகம் எனப் பகிர்ந்துகொண்டனர். எங்கே செல்கிறோம் என்பது தலைவருக்கும் தெரியாது. அவர் கையில் ஒரு மடல் தரப்பட்டது. இரண்டு நாள் பயணம் முடிந்த பின்னரே அதனைப் பிரிக்க வேண்டும் என்பது கட்டளை. பிரித்தபோது, மக்காவுக்கும் தாயிஃபுக்கும் இடைப்பட்ட நக்லாவில் இறங்கி, குறைஷியரைக் கவனித்துச் செய்தி கொண்டுவருமாறு அதில் எழுதப்பட்டிருந்தது. தோழர்களில் எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் கட்டளையின் ஒரு பகுதி. எதிரியின் நகரத்தையும் தாண்டி அதன் மறுபுறம் செல்வதாகிய இப்பணியின் ஆபத்தைத் தலைவர் எடுத்துரைத்து, விரும்பாதவர் திரும்பலாம் என்றார். எவரும் திரும்பவில்லை. வழியில் ஒட்டகத்தைத் தொலைத்துவிட்டு அதனைத் தேடிச் சென்ற சஅத் இப்னு அபீவக்காஸ், உத்பா இப்னு கஸ்வான் (ரலி) ஆகிய இருவர் மட்டும் பின்தங்கினர்.

இந்த மடலைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. ஆசிரியர் தம் நூலை மாணவரிடம் வாசித்துக் காட்டாமல் கையளித்தாலே அதிலிருந்து ஹதீஸ் அறிவிக்கலாமா என்ற கேள்விக்கு ஹிஜாஸ் அறிஞர்கள் சிலர் இம்மடலையே ஆதாரமாகக் காட்டினர் என்று இமாம் புகாரீ (ரஹ்) ‘கல்வி’ என்னும் பகுதியில் எழுதுகிறார். போர்க்களச் செய்தி ஒன்று ஹதீஸ் கலையின் விதிக்கு அடிப்படையான விந்தை இது.

மடலில் இருந்தது வேவுப் பணி. நடந்ததோ வேறு. உலர்ந்த திராட்சையும் தோலும் ஏற்றிய சிறு வணிகக் கூட்டம் நக்லாவில் இறங்கியது. உக்காஷா (ரலி) தலையை மழித்திருந்ததைக் கண்டு, இவர்கள் உம்ராவுக்கு வந்தோர் எனக் கருதி அவர்கள் அச்சம் நீங்கினர். அன்று ரஜபின் கடைசி நாள். இன்று விட்டுவிட்டால் ஹரம் எல்லைக்குள் நுழைந்துவிடுவர். இன்று தாக்கினால் புனித மாதத்தின் கண்ணியம் கெடும். தயங்கிய பின் தாக்குவதென முடிவெடுத்தனர். வாகித் இப்னு அப்தில்லாஹ்வின் அம்பு அம்ரு இப்னுல் ஹள்ரமீயைக் கொன்றது, இருவர் சிறைபட்டனர், ஒருவர் தப்பினார்.

மதீனா திரும்பியவர்களை வரவேற்புக்குப் பதிலாகக் கடிந்துரையே எதிர்கொண்டது. புனித மாதத்தில் போரிடுமாறு தாம் ஆணையிடவில்லை என்று நபியவர்கள் தெளிவாகக் கூறி, வணிகப் பொருளையும் கைதிகளையும் ஏற்காமல் நிறுத்திவைத்தார்கள். முஸ்லிம்களும் அவர்களைக் கண்டித்தனர்; அழிந்தோம் என்றே அவ்வீரர்கள் எண்ணினர். குறைஷியரோ இதனைப் பெரும் பிரசாரமாக்கினர். பின்னர் இறங்கிய பகரா அத்தியாயத்தின் 217ஆம் வசனம், புனித மாதத்தில் போரிடுவது பெரும் குற்றமே என்பதை மறுக்காமல், மக்களை அல்லாஹ்வின் பாதையிலிருந்து தடுப்பதும் கஅபாவுக்குரியோரை அங்கிருந்து வெளியேற்றுவதும் அதனினும் பெரியவை என்று கூறியது. இதன் பின்னரே பொருள் ஏற்கப்பட்டது. பின்தங்கிய சஅதும் உத்பாவும் பத்திரமாகத் திரும்பும்வரை கைதிகளை மீட்புத் தொகைக்கு விட நபியவர்கள் இசையவில்லை. அக்கைதிகளுள் ஒருவரான ஹகம் இப்னு கைஸான் இஸ்லாத்தை ஏற்று மதீனாவிலேயே தங்கி, பின்னாளில் பிஃரு மஊனாவில் ஷஹீதானார். இவ்வசனத்தை வைத்து நக்லா வீரர்கள் முழுமையாகச் சரியானதைச் செய்தனர் என்று சிலர் பேசிவிடுகின்றனர். வசனத்தின் முதற்பகுதி அதற்கு இடம் தரவில்லை என்பதே என் கருத்து.

நக்லாவுக்கு நேர்மாறான நிகழ்ச்சி அகழ்ப்போரின் கடைசி இரவில் நடந்தது. ஹிஜ்ரி 5. பத்தாயிரம் பேர் கொண்ட முற்றுகை, கடுங்குளிர், சூறைக்காற்று. எதிரியின் செய்தியை அறிந்து வருவோர் யார் என நபியவர்கள் மும்முறை கேட்டும் எவரும் எழவில்லை என்று ஹுதைஃபா (ரலி) ஒளிக்காமல் சொல்கிறார். பசியும் குளிரும் அச்சமும் அந்த அளவில் இருந்தன. பிறகு பெயர் சொல்லி அவரை அழைத்ததும் மறுக்க வழியில்லாது எழுந்தார். செய்தியை மட்டும் கொண்டு வருக, அவர்களைக் கிளறிவிட வேண்டாம் என்பதே ஆணை. வெந்நீர்க் குளியலறையில் நடப்பதுபோல் குளிரே தெரியாமல் சென்றதாக அவர் கூறுவது முஸ்லிமில் உள்ளது. எதிரியின் பாசறைக்குள் அபூஸுஃப்யான் நெருப்பில் முதுகைக் காய்த்துக்கொண்டிருந்தார். ஹுதைஃபா அம்பை வில்லில் பூட்டிவிட்டார், எய்திருந்தால் தவறியிராது. அப்போது ஆணை நினைவுக்கு வந்தது, கையை இறக்கினார். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என அபூஸுஃப்யான் இருளில் குரல் கொடுத்தபோது, ஹுதைஃபாவே முந்திக்கொண்டு அருகிலிருந்தவரின் கையைப் பிடித்து ‘நீ யார்’ என்று கேட்ட சமயோசிதத்தை இப்னு இஸ்ஹாக் சேர்த்துரைக்கிறார். திரும்பி வந்து செய்தி சொன்ன பின்னரே குளிர் அவரைப் பற்றியது. நபியவர்கள் தம் போர்வையால் அவரைப் போர்த்த, விடியும்வரை உறங்கினார். அந்த அம்பு எய்யப்படாததால் விளைந்தது என்ன? கலையவிருந்த படை கலைந்து போயிற்று. அபூஸுஃப்யான் மூன்றாண்டுகளுக்குப் பின் இஸ்லாத்தைத் தழுவினார்.

தலைமை, அறிவு, கட்டுப்பாடு ஆகியவை ஒன்றோடொன்று உரசும் இடம் தாதுஸ் ஸலாஸில். ஹிஜ்ரி 8 ஜுமாதல் ஆகிரா. மதீனாவிலிருந்து பத்து நாள் தொலைவில், வாதில் குராவுக்கு அப்பால், குளாஆ கிளையினர் திரள்கிறார்கள் என்ற செய்தி வந்தது. இஸ்லாத்தை ஏற்றுச் சில மாதங்களே ஆகியிருந்த அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) தலைவராக்கப்பட்டார். அவருடைய தந்தையின் தாயார் அப்பகுதியின் பலிய்யு குலத்தைச் சேர்ந்தவர். அந்த உறவும் கணக்கில் கொள்ளப்பட்டது. முந்நூறு பேர், முப்பது குதிரைகள். இரவில் நடந்து பகலில் ஒளிந்தனர். எதிரியின் தொகை மிகுதி எனத் தெரிந்ததும் துணைப்படை கேட்க, அபூஉபைதா இருநூறு பேருடன் வந்தார். அவருள் அபூபக்ரும் உமரும் (ரலி) இருந்தனர். தொழுகைக்குத் தலைமை யார் என்பதில் சிறு உரசல். கருத்து வேறுபட்டுக்கொள்ளாதீர்கள் என்ற நபியின் அறிவுரையை நினைவுகூர்ந்து அபூஉபைதா விட்டுக்கொடுத்தார். மூத்தோர் அனைவரும் புதியவர் ஒருவருக்குக் கீழ்ப்பட்டனர்.

அக்குளிரில் நெருப்பு மூட்டக் கூடாதென அம்ரு தடுத்தார். உமர் சினந்தார். போர் பற்றிய அறிவுக்காகவே நபியவர்கள் இவரை நியமித்தார்கள் என்று அபூபக்ர் அவரை அமைதிப்படுத்தினார். எதிரி சிதறியதும் துரத்திச் செல்ல விரும்பியோரையும் அம்ரு தடுத்தார். மதீனாவில் விளக்கம் கேட்கப்பட்டபோது, நெருப்பொளியில் நம் தொகை குறைவென எதிரி கண்டுகொள்வான் என்பதும், துரத்திச் சென்றால் அவர்களுக்குப் பின்படை இருக்கலாம் என்பதும் அவர் அளித்த காரணங்கள், ஏற்கப்பட்டன. கடமையான குளிப்பு நேர்ந்தும் குளிருக்கு அஞ்சித் தயம்மும் செய்து தொழுவித்ததற்கும் விளக்கம் தர வேண்டியிருந்தது. நபியவர்கள் சிரித்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை என்கிறது அபூதாவூதின் அறிவிப்பு. ஃபிக்ஹ் நூல்களில் தயம்மும் பாடத்தில் நாம் ஓதும் சட்டம் இந்த இராணுவ விசாரணையிலிருந்து பிறந்தது. வென்று திரும்பிய தளபதியும் கேள்விக்கு உட்பட்டவரே. ஆனால் குறை சொன்னவரின் சொல்லோடு அவரது பதிலும் கேட்கப்பட்டது.

இப்படையில் சென்ற ராஃபிஉ என்னும் தாயி குலத்தவர் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அறியாமைக் காலத்தில் கொள்ளையராக இருந்த அவர், தீக்கோழி முட்டை ஓடுகளில் தண்ணீர் நிரப்பி மணலில் ஆங்காங்கே புதைத்துவைப்பார். துரத்துவோர் நுழைய முடியாத பாலைக்குள் சென்று அதனைக் குடித்து உயிர்வாழ்வார். அந்தப் பாலையறிவு இப்போது முஸ்லிம் படையின் சொத்தாயிற்று. பின்னாளில் காலித் (ரலி) இராக்கிலிருந்து ஷாமுக்கு நீரற்ற பாலையைக் கடந்தபோது வழிகாட்டியவரும் இவரே என வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

கீழ்ப்படிதலுக்கு எல்லை உண்டா? ஒரு சரிய்யாவின் தலைவர் ஏதோ கோபத்தில் விறகு சேர்க்கச் செய்து தீ மூட்டி, அதில் நுழையுமாறு வீரர்களுக்குக் கட்டளையிட்டார். சிலர் எழவும் செய்தனர். நெருப்பிலிருந்து தப்பத்தானே நபியிடம் வந்தோம் என மற்றவர்கள் தடுத்தனர். அதற்குள் தீ தணிந்தது, அவர் கோபமும் தணிந்தது. நுழைந்திருந்தால் அதிலிருந்து என்றும் வெளியேறியிருக்க மாட்டார்கள் என்றும், நல்லதில் மட்டுமே கீழ்ப்படிதல் என்றும் நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள். அத்தலைவர் அன்சாரி என்கிறது புகாரீயின் அறிவிப்பு. வேறு அறிவிப்புகளோ அவரை அப்துல்லாஹ் இப்னு ஹுதாஃபா அஸ்ஸஹ்மீ என்றும், நகைச்சுவை இயல்புள்ளவர் என்றும் சொல்கின்றன. ஸஹ்மீ குறைஷியர் ஆதலால் இவை இரு வேறு நிகழ்ச்சிகளாகவும் இருக்கலாம். சட்டம் மாறவில்லை.

தலைவரின் தவறான கட்டளை ஒருபுறம். வீரனின் சொந்தத் தவறு மறுபுறம். ஜுஹைனா குலத்தின் ஹுரகா கிளைமீது சென்ற படையில் உஸாமா இப்னு ஸைத் (ரலி), வாளைக் கண்டதும் கலிமாவை மொழிந்த ஒருவரைக் கொன்றுவிட்டார். அஞ்சித்தான் சொன்னார் என்ற அவரது வாதத்துக்கு, அவருடைய இதயத்தைப் பிளந்தா பார்த்தாய் என்ற கருத்தில் நபியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அன்றுதான் தாம் முஸ்லிமாகியிருக்கக் கூடாதா என்று ஏங்கும் அளவுக்கு அது அவரை வாட்டியது. நபியின் அன்புக்குரியவரின் மகன் என்பதால் அக்கேள்வி மென்மையாகவில்லை. மக்கா வெற்றிக்குச் சற்று முன் அபூகதாதா (ரலி) தலைமையில் எண்மர் பத்னு இளமுக்கு அனுப்பப்பட்டனர். படை செல்லும் திசை பற்றி மக்களின் கவனத்தைத் திருப்புவதே நோக்கம் என்கிறார் இப்னு சஅத். அங்கும் சலாம் கூறிய ஒருவரைப் பழைய பகையால் முஹல்லிம் என்பவர் கொன்றார். நிஸா அத்தியாயத்தின் 94ஆம் வசனம் இறங்கிய பின்னணிகளுள் ஒன்றாக இதனையும் குறிப்பிடுவர்.

பனூ ஜதீமா நிகழ்ச்சி இவையனைத்திலும் கனமானது. மக்கா வெற்றிக்குப் பின், ஹிஜ்ரி 8 ஷவ்வாலில், காலித் இப்னுல் வலீத் 350 பேருடன் அனுப்பப்பட்டார். இஸ்லாத்துக்கு அழைக்கவே அவர் அனுப்பப்பட்டார், போரிட அல்ல. அம்மக்களுக்கு ‘இஸ்லாத்தை ஏற்றோம்’ என்று செம்மையாகச் சொல்லத் தெரியவில்லை. ‘மதம் மாறினோம்’ என்னும் பொருளில் ‘ஸபஃனா’ என்றனர். காலித் அதனை ஏற்காமல் சிலரைக் கொன்றார், பலரைச் சிறைபிடித்தார், பின்னர் அவரவர் தம் கைதியைக் கொல்லுமாறு ஆணையிட்டார். இப்னு உமர் (ரலி) தம் கைதியைக் கொல்ல மறுத்தார்; தம் தோழர்களும் அவ்வாறே செய்வர் என்றார். செய்தி எட்டியதும் நபியவர்கள் கைகளை உயர்த்தி, காலித் செய்ததிலிருந்து தாம் விலகியவர் என இறைவனிடம் இருமுறை முறையிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. அலீ (ரலி) செல்வத்துடன் அனுப்பப்பட்டார். ஒவ்வோர் உயிருக்கும் இரத்த ஈடு, ஒவ்வொரு பொருளுக்கும் விலை, நாய் நீர் நக்கும் பாத்திரத்துக்கும்கூட விலை கொடுக்கப்பட்டது. எஞ்சிய பணத்தையும், எவருக்கும் தெரியாமல் விடுபட்டது ஏதேனும் இருக்கலாம் என்று அவர்களிடமே அலீ விட்டுவந்தார்.

ஈட்டை அரசின் செல்வத்திலிருந்து கொடுத்தது கவனிக்கத்தக்கது. சரிய்யாவின் தவறு அதனை அனுப்பிய அரசின் கடனாயிற்று. காலிதுக்குப் பழிவாங்கல் தண்டனை இல்லாமைக்குக் காரணம், அவர் சொல்லைத் தவறாகப் பொருள்கொண்டார், வேண்டுமென்றே முஸ்லிம்களைக் கொல்லவில்லை என்பதே என்று விளக்கவுரையாளர்கள் எழுதுகின்றனர். இமாம் புகாரீயோ இந்த ஹதீஸை மகாஸீயில் மட்டும் விட்டுவிடவில்லை. நீதிபதி அநீதியாகவோ அறிஞர்களுக்கு மாறாகவோ தீர்ப்பளித்தால் அது தள்ளப்படும் என்ற தலைப்பின்கீழ் நீதித்துறைப் பகுதியிலும் வைக்கிறார். தளபதியின் களக்கட்டளையை அவர் தீர்ப்பாகவே கருதியிருக்கிறார்.

தனி மனிதர்களைக் குறித்து இரவில் அனுப்பப்பட்ட சில குழுக்களும் ஸீராவில் உண்டு. அவை உடன்படிக்கை மீறல் பற்றிய தனி விவாதத்தை வேண்டுவன, இங்கு எடுத்துக்கொள்ளவில்லை.

போர்ப்பொருளின் பங்கீட்டிலும் இக்குழுக்களின் நிலை தனியாகக் கவனிக்கப்பட்டது. பெரும் படையிலிருந்து பிரிந்து முன்னே செல்லும் சரிய்யாவுக்குப் போகும்போது நான்கில் ஒன்றும், திரும்பும்போது மூன்றில் ஒன்றும் கூடுதலாகத் தரப்பட்டதை ஹபீப் இப்னு மஸ்லமா (ரலி) அறிவிக்கிறார். திரும்பும் வேளையில் வீரர் களைத்திருப்பர், எதிரி விழித்திருப்பான், பின்னே துணைப்படை இராது. ஆகவே பங்கு கூடியது என்பது அறிஞர் விளக்கம். ஹிஜ்ரி 189இல் மறைந்த இமாம் முஹம்மத் இப்னுல் ஹஸன் அஷ்ஷைபானீயின் ‘ஸியர்’ நூல்களும் அவற்றுக்கு ஸர்கஸீ எழுதிய விரிவுரையும் இத்தகைய நுட்பங்களால் நிறைந்தவை.

பனூ ஜதீமாவுக்குப் பின் காலித் ஒதுக்கப்படவில்லை. ஹிஜ்ரி 9இல் தபூக்கிலிருந்து 420 குதிரை வீரர்களுடன் தூமத்துல் ஜன்தலின் அரசர் உகைதிரை நோக்கி அவர் அனுப்பப்பட்டார். பிடிபட்டால் கொல்லாமல் கொண்டுவர வேண்டும் என்பது இம்முறை கட்டளை. நிலவொளியில் காட்டு மாடுகளை வேட்டையாடக் கோட்டையிலிருந்து இறங்கி வந்த உகைதிரை அவர்கள் வளைத்தனர். எதிர்த்து நின்ற அவருடைய சகோதரர் ஹஸ்ஸான் அங்கேயே வீழ்ந்தார். உகைதிர் உயிருடன் நபியவர்களிடம் கொண்டுவரப்பட்டார். ஜிஸ்யா கொடுக்க இசைந்ததும் உடன்படிக்கை எழுதப்பட்டு, அவர் தம் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.